கழற்றி வைத்த கண்ணாடி

போதகர் மேடை ஏறியதும் முதல் வேலையாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அதை மடித்து, வெள்ளை அங்கிக்குள் கைவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம்தான் பேசவே ஆரம்பித்தார்.

மூன்றாவது பெஞ்சில் இருந்த கண்ணாடிக் கடைக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. பாதி ஆயுசைக் கண்ணாடி விற்றே கழித்தவள் அவள். அவ்வளவு தடிமனான லென்ஸைக் கழற்றிவிட்டால், எதிரே இருப்பது ஆளா தூணா என்றுகூட அந்த மனிதருக்குத் தெரியாது.

“பாத்தீங்களா? துக்கத்துல இருக்கிறவங்க மூஞ்சியைப் பார்க்கக்கூட இவருக்கு இஷ்டமில்ல,” என்றாள், பக்கத்தில் இருந்த, அவள் கடையில் லென்ஸ் தேய்ப்பவரிடம்.

“மெதுவாக்கா. கடை இல்ல, சர்ச்.”

மேடைக்குக் கீழே பெட்டி திறந்திருந்தது. அதில் கிடந்தவள் அவர்கள் கடைக் கவுன்டரில் நின்ற பெண். ஹாஸ்டலில் தங்கி வேலை பார்த்தவள், லீவு போட்டு வீட்டுக்கு வந்த இடத்தில் ஒரு காய்ச்சலோடு போய்விட்டாள். கடைக்கு ஷட்டரை இறக்கிவிட்டு இரண்டு பேரும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். அவள் வீட்டு ஆட்களை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை.

முதல் பெஞ்சில் இருந்தது அம்மா என்று வாசலிலேயே சபைச் செயலர் காட்டியிருந்தார். “நேத்துலேர்ந்து ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லைங்க. இப்படியே கல்லறைக்கு வந்தா அந்தம்மா தாங்காது. பிரசங்கத்தைக் கேட்டாவது வாய்விட்டு அழுதுட்டா தேவலை,” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, “வேற போதகரைக் கூட்டிட்டு வர்றோம்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம். நானேதான் நடத்துவேன்னு ஒத்தக்கால்ல நின்னுட்டார்,” என்றும் சொன்னார்.

“ஏன், அவ்வளவு பெரிய பேச்சாளரா?” என்று கடைக்காரம்மா கேட்டாள். செயலர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, அடுத்து வந்தவர்களிடம் போய்விட்டார்.

இப்போது பேச்சின் லட்சணம் தெரிந்துவிட்டது. ரயில் வருகிற நேரத்தை அறிவிக்கிற குரல். “நம்மைவிட்டுப் பிரிந்த இந்தச் சகோதரி” என்றார். “பெற்றோரைத் தேவன் ஆற்றித் தேற்றுவாராக” என்றார். எங்கும் ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை, ஒரு செருமல்கூட இல்லை.

முதன்முதலாகக் கண்ணாடி போடுகிற குழந்தைகள் அழுதால், தானும் ஒன்றைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு சிரிக்க வைப்பாள் அந்தப் பெண். அதைச் சொல்லலாமே! அவளைப் பற்றி ஏதாவது ஒன்றைச் சொல்லலாமே! கடைக்காரம்மா மறுபடியும் பக்கத்தில் சாய்ந்தாள்.

“பேரைக்கூட ஒரு தடவை சொல்லலை, கவனிச்சீங்களா?”

“அவருக்கு எத்தனை சாவு, எத்தனை அடக்கம்! மரத்துப்போயிருக்கும்,” என்றார் லென்ஸ் தேய்ப்பவர்.

அம்மா பெட்டியைப் பார்க்கவில்லை. போதகரையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண் காய்ந்துபோய். அவளுக்கு வலது பக்கம் ஓர் ஆள் உட்காருகிற இடம் காலியாக இருந்தது. பெஞ்சில் அத்தனை நெருக்கடியிலும் அதில் யாரும் உட்காரவில்லை.

இடது பக்கம் ஒரு வழுக்கைத்தலை மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தார். பாவம், அப்பா என்று கடைக்காரம்மா நினைத்துக்கொண்டாள். “எங்கப்பா வாயைத் திறந்தா பாதிப் பேர் தூங்கிடுவாங்கக்கா,” என்று அந்தப் பெண் அடிக்கடி சொல்லிச் சிரிப்பாள். வாத்தியாரா என்று கேட்டதற்கு, “கிட்டத்தட்ட” என்றாள். இவரைப் பார்த்தாலும் கணக்கு வாத்தியார் போலத்தான் இருந்தது.

ஒருவழியாகப் பிரசங்கம் முடிந்தது. கடைசியாக முகம் பார்க்கிறவர்கள் வரலாம் என்று செயலர் அறிவித்தார். கடைக்காரம்மா வரிசையில் போனாள், பார்த்தாள், அவளுக்கும் அழுகை வரவில்லை. உள்ளே எதுவோ அணைந்துபோன மாதிரி இருந்தது.

திரும்பும்போது வழுக்கைத்தலை மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டாள். “உங்க பொண்ணு என் கடையிலதாங்க வேலை பார்த்தா. எனக்கும் பொண்ணு மாதிரிதான்.”

அவர் மூக்கை உறிஞ்சினார். “நான் தாய்மாமன்மா.”

அப்போது யார் கையையும் பிடித்துக்கொள்ளாமல், காலால் படியைத் தடவித் தடவிப் போதகர் கீழே இறங்கி வந்தார். இரண்டு முறை இடறினார். பெட்டிக்குப் பக்கத்தில் வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“மூடிடலாம்,” என்றார், அதே ரயில் குரலில்.

மூடியைத் தூக்க இரண்டு பேர் குனிந்தார்கள். “இருங்க,” என்று அம்மா எழுந்தாள்.

நேராகப் போதகரிடம் போனாள். கேட்காமல் கொள்ளாமல் அவர் அங்கிக்குள் கையை விட்டாள். சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, முந்தானையால் இரண்டு பக்கமும் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அதன்மேல் சொட்டிக்கொண்டே இருந்தது. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

“போட்டுக்கோங்க. நம்ம பிள்ளையை ஒரு தடவை பாருங்க.”