ஒரே கரு

"நீங்க ரெண்டு பேரும் ஒரே கரு இல்லம்மா" என்றார் டாக்டரம்மா.

பெனிட்டாவுக்குப் புரியவில்லை.

டாக்டரம்மா நிதானமாக விளக்கினார். ஒருவருக்காவது லிம்போமா வந்த இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு. அந்தப் புற்றுநோய் எந்த அளவுக்குப் பிறவியோடு வருகிறது என்று பார்க்கிறார்கள். ஒரே கரு பிரிந்து இருவரானவர்கள் ஒரு பக்கம். இரண்டு கருவாக ஒன்றாய் வளர்ந்தவர்கள் மறுபக்கம். அதற்குத்தான் நோய் வந்த அக்காவிடமும் தங்கையான இவளிடமும் ரத்தம் எடுத்தார்கள்.

"முகத்தைப் பார்த்து நாங்களே ஏமாந்துட்டோம். கூடப் பிறந்த யாருக்கும் அது வர என்ன வாய்ப்போ, அவ்வளவுதான் உங்களுக்கும். ரொம்பக் கொஞ்சம். பயப்படாதீங்க பெனிட்டா. அக்காகிட்ட நீங்களே சொல்லிடுங்க."

பயம் போய்விட்டது.

அவ்வளவு சட்டென்று போகும் என்று அவள் நினைத்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் பசித்தது. கேன்டீனில் நின்றபடியே ஒரு பருப்பு வடை தின்றாள். இன்னொன்று வாங்கித் தின்றாள்.

கையைத் துடைக்கும்போதுதான் அக்கா ஜெசிந்தாவின் நினைவு வந்தது.

தூத்துக்குடியில் அவர்கள் தெருவே மாற்றி மாற்றிக் கூப்பிட்ட முகம். பள்ளிக்கூடத்தில் ஜெசிந்தாவுக்கு விழவேண்டிய அடி எத்தனையோ முறை இவளுக்கு விழுந்திருக்கிறது. கீமோவில் முடி கொட்டிய பிறகு ஜெசிந்தா கண்ணாடி பார்ப்பதையே விட்டுவிட்டாள்.

"எனக்கு எதுக்குட்டி கண்ணாடி? நீதான் தெனம் வாரியே."

வார்டில் ஜெசிந்தாவுக்கு மருந்து இறங்கிக்கொண்டிருந்தது. பெனிட்டா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"என்னட்டி சொன்னாவ டாக்டரம்மா?"

உள்ளதைச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

வாயில் வடையின் எண்ணெய் இன்னும் இருந்தது.

"ஒரே கருதானாம்" என்றாள். "நமக்குத் தெரியாததா?"

அக்கா சிரிப்பாள் என்று நினைத்தாள்.

ஜெசிந்தா சிரிக்கவில்லை. ஊசி ஏறாத கையை நீட்டினாள்.

"கிட்ட வா."

பெனிட்டா குனிந்தாள்.

ஜெசிந்தா அவள் கழுத்தில் விரல் வைத்தாள். காதுக்குக் கீழே. தாடையோரம். தோள் எலும்புக்கு மேலே இருக்கும் குழியில். தனக்கு டாக்டர்கள் தேடியதைப்போலவே அழுத்தி அழுத்தித் தேடினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"கட்டி ஒண்ணும் இல்ல" என்றாள் கடைசியில். கண் நிறைந்திருந்தது. "ரெண்டும் வேற வேறன்னு வரணும்னு மாதாவுக்கு நேர்ச்ச வச்சிருந்தேன்ட்டி."

பெனிட்டா வாயைத் திறந்தாள்.

"பேசாதட்டி. கழுத்து அசையுது."

ஜெசிந்தா இடப்பக்கத்திலிருந்து மறுபடியும் தொடங்கினாள்.