நடுவில் நின்ற லிஃப்ட்

அந்தத் தையற்காரி லிஃப்டுக்குப் பயந்து ஒரு வருடமாகப் படியேறித்தான் ஏழாவது மாடிக்குத் துணி கொண்டுபோனாள். தினசரி மாத்திரையும் மூச்சுப் பயிற்சியும் கொடுத்த தைரியத்தில் இன்றுதான் லிஃப்டில் கால் வைத்தாள். பாழாய்ப்போன லிஃப்ட் ஐந்தாவது மாடியைத் தாண்டியதும் நின்றுவிட்டது.

அவள் கைப்பிடியை இறுகப் பற்றினாள். ஆனால் கூட வந்த நீலச்சட்டைக்காரர் அதற்குள் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுவரோரம் சரிந்திருந்தார்.

"நெஞ்சை அடைக்குது தங்கச்சி."

"முன்னாடி இப்படி வந்திருக்கா அண்ணே?"

"வந்திருக்கு. பதட்டம்னு டாக்டர் தினம் ஒரு மாத்திரை கொடுத்தாரு. நல்லாத்தானே இருக்கோம்னு பத்து நாளா நிறுத்திட்டேன்."

"நானும் அப்படி நிறுத்திட்டு அவஸ்தைப்பட்டவதான். டாக்டரைக் கேக்காம நிறுத்தலாமா? சரி, என்கூடவே எண்ணுங்க. மூச்சை மெதுவா விடுங்க."

ஐம்பது எண்ணுவதற்குள் அவர் முகம் தெளிந்தது. இப்போது அவளுக்குத்தான் நான்கு சுவரும் நெருங்கி வருவதுபோல் இருந்தது. அவசரப் பொத்தானை அழுத்தினாள்.

"பயப்படாதீங்கம்மா," என்றது காவலாளியின் குரல். "லிஃப்ட் அடிக்கடி நிக்குதுன்னு காலையிலேயே மெக்கானிக்கை வரவழைச்சிட்டோம். ஏறி ஓட்டிப் பாக்கறேன்னு போனாரு. ஆளைத்தான் காணோம்."

அவள் மெல்லத் திரும்பினாள்.

நீலச்சட்டைக்காரர் தலை குனிந்தபடியே எழுந்து, பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார்.

"திறந்துடறேன் தங்கச்சி. நீ எண்ணுறதை மட்டும் நிறுத்திடாதே."