சனிக்கிழமை சத்தம்

"கடையில அரைச்ச மால்ட்டை வாங்கி பீர் காய்ச்சறவனெல்லாம் ஒரு ஆளாடா?"

நஞ்சுண்டன் இட்லியைப் பிட்டபடி ஆரம்பித்தான். ஞாயிற்றுக்கிழமை டிபனுக்கு வந்திருந்த நண்பன் வெங்கடகிருஷ்ணன் சட்னியிலேயே கவனமாக இருந்தான்.

இரண்டு பேரும் அமெரிக்காவில் பிரின்ஸ்டன் பக்கம் ஒரே ஆபீஸ். இரண்டு பேருக்கும் வீட்டிலேயே பீர் காய்ச்சும் பைத்தியம். சண்டை ஒரே ஒரு விஷயத்தில்தான். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, கடைக்காரனே அரைத்துக் கொடுப்பான். வெங்கட் அப்படியே வாங்கிக்கொண்டு வருவான். நஞ்சுண்டனோ அதற்கென்று ஒரு மில்லையே வாங்கி கராஜில் வைத்திருந்தான்.

"சும்மாவே அரைச்சுத் தர்றான். எனக்கு எதுக்குடா அந்த வேலை?"

"அரைச்ச நிமிஷத்துல இருந்து வாசம் போக ஆரம்பிச்சிடும்டா. சனிக்கிழமையானா கராஜ்ல நின்னு நானே அரைக்கறேன். வேணும்னா வசந்தாவைக் கேளு, வீடே அதிரும்."

அதிரத்தான் செய்யும். பரிமாறிக்கொண்டிருந்த அவன் மனைவி வசந்தாமணி தலையை ஆட்டினாள்.

"இவ்வளவு ஏன், இந்த இட்லியையே எடுத்துக்க. எப்படி இருக்கு?"

"பூ மாதிரி இருக்குடா."

"இருக்காதா பின்னே? கடை மாவை வசந்தா இந்த வீட்டுக்குள்ளயே விட்டதில்ல. கோயமுத்தூர்ல இருந்து கிரைண்டரைத் தூக்கிட்டு வந்து, டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, அவளே அரைக்கறா. சனிக்கிழமை கிச்சன்ல அவ கிரைண்டர், கராஜ்ல என் மில்லு!"

வசந்தாமணியின் கையிலிருந்த கரண்டி நழுவி சாம்பாருக்குள் விழுந்தது.

விழாமல் என்ன செய்யும்? போன தீபாவளியிலிருந்து அந்த வீட்டில் வெந்த இட்லி அத்தனையும் ஐசலின் ஊர் இந்தியக் கடையில் வாங்கிய மாவு. வாரம் முழுக்க ஆபீஸில் ஒய்டுகே கம்ப்யூட்டர் வேலை, ரயில், குழந்தைக்கு டேகேர். ஒரு சனிக்கிழமை முடியாமல் போய்க் கடை மாவை வாங்கி வந்தாள். அன்றைக்குப் பார்த்து நஞ்சுண்டன், "உன் கைப்பக்குவமே தனி" என்று பாராட்டித் தொலைத்தான். அதற்கப்புறம் எந்த வாயால் சொல்வது?

அன்றிலிருந்து கிரைண்டரில் தண்ணீரை ஊற்றி ஓட விட்டுவிடுவாள். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு வாரப்பத்திரிகை படிப்பாள். கிரைண்டர் ஓடும்போது யாரும் அவளை எதற்கும் கூப்பிடுவதில்லை. வாரத்தில் அவளுக்கென்று இருந்த நேரமே அதுதான்.

"எங்க வீட்டுல ஐசலின் கடை மாவுதான் சிஸ்டர்," என்று வெங்கட் அலுத்துக்கொண்டான். "கல்லு மாதிரி வருது. நீங்க உளுந்து எவ்வளவு போடறீங்க?"

அதே கடை. அதே மாவு.

"எல்லாம் ஒரு கண்ணளவுதாங்கண்ணா," என்று அசடு வழிந்தாள்.

"இது சொன்னாப் புரியாது. அடுத்த சனிக்கிழமை நீங்க அரைக்கிறப்ப நானே வந்து பக்கத்துல நிக்கறேன்."

வசந்தாமணி அவசரமாக அவன் தட்டில் இன்னொரு இட்லியை வைத்தாள். பேச்சை மாற்றியே ஆகவேண்டும்.

"அது கெடக்குதுங்க. முதல்ல இவர் மால்ட் அரைக்கிற அழகைப் பாருங்க. காபியைக் குடிச்சுட்டு வாங்க, நான் போய் எல்லாம் எடுத்து வெக்கறேன்."

"வேண்டாம் வசந்தா, மூட்டை கனம்..." என்று நஞ்சுண்டன் எழுவதற்குள் அவள் கராஜுக்குள் போய்விட்டாள்.

மூலையில் மூன்று மூட்டைகள், கடையில் போட்ட கட்டுகூடப் பிரிக்காமல் இருந்தன. ஒன்றைப் பிரித்துக் கையை விட்டாள். முழு மணி ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. எல்லாம் உடைந்த நொய்யும் உமியும்தான். அடுத்த மூட்டையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே.

மில்லின் வாய் துடைத்து வைத்ததுபோல இருந்தது. அதன் பின்னால் ஒரு மடக்கு நாற்காலி. நாற்காலியின் மேல், வீடெல்லாம் தேடியும் கிடைக்காத அவளுடைய வாரப்பத்திரிகைகள்!

அடப்பாவி மனுஷா!

சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. எத்தனை பிரசங்கம், எத்தனை பேரிடம்! ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு போய் வெங்கட் முன்னால் கவிழ்த்தால் போதும். நாளைக்கு ஆபீஸில் மனுஷன் தலை காட்ட முடியாது. கவிழ்க்கவேண்டும் என்றே மூட்டையைப் பிடித்தாள்.

அப்போதுதான் தன் ஃப்ரிட்ஜில், கீரைக்கட்டுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த இரண்டு டப்பா கடை மாவு ஞாபகம் வந்தது. மூட்டைகளை மறுபடி இறுக்கிக் கட்டினாள்.

அவள் திரும்பி வந்தபோது நஞ்சுண்டனின் காபி ஆறிக் கிடந்தது. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணா. முழு மால்ட் ஒரு பிடிகூட இல்ல. நேத்தே அத்தனையும் அரைச்சுத் தள்ளிட்டார். சொன்னாக் கேட்டாத்தானே!"

நஞ்சுண்டனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"பார்த்தியாடா?" என்றான். குரல்தான் கொஞ்சம் பிசிறியது.

"ஒத்துக்கறேன்டா. உங்க ரெண்டு பேரையும் பார்த்தா எனக்கே வெக்கமா இருக்கு. நானும் ஒரு மில்லு வாங்கிடறேன்," என்று சொல்லிவிட்டு வெங்கட் கிளம்பினான்.

கதவைச் சாத்தியதும் நஞ்சுண்டன், என்றைக்கும் இல்லாத திருநாளாக, எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தான். வசந்தாமணிக்குத் தன் பெரிய மனசை நினைத்துத் தனக்கே பெருமையாக இருந்தது. ஒரு தேங்க்ஸாவது வரும் என்று காத்திருந்தாள்.

அவன் திரும்பிப் பார்க்காமலே சொன்னான்:

"வசந்தா, அடுத்த வாரத்துல இருந்து கிரைண்டர்ல ஒரு பிடி உளுந்தாவது போட்டு ஓட்டு. தீபாவளியில இருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். வெறுமனே ஓடற மெஷின் சத்தம் எனக்குத் தெரியாதா?"