ஓட்டை விழாத கண்ணாடி

நான்காவது முறையாகக் கண்ணாடி திரும்பி வந்துவிட்டது. பெட்டியைப் பிரித்ததுமே பூச்சுக்காரருக்கு முகம் தொங்கிப்போனது. அலுமினியத்தை ஆவியாக்கி அவர் பூசியிருந்த மெல்லிய படலத்தின் நட்டநடுவே ஊசிமுனை அளவு ஓட்டை.

கூடவே ஆய்வுக்கூடத்துப் பொறியாளர்ப் பெண்ணின் வழக்கமான சீட்டு. 'மிக்க நன்றி. மறுபடியும் அதே அளவில் பூசித் தரவும்.' நன்றிக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

"எப்படிக் குத்திக்காட்டுறாங்க பாரு," என்று மனைவியிடம் நீட்டினார்.

"நன்றின்னுதானே எழுதியிருக்கு? நிஜமாவே நன்றியா இருக்கப்போகுது."

"இருபது வருஷமா இதே வேலை. இவங்களுக்குப் பண்ணது மட்டும் ஒரு பூச்சுகூட உருப்படியா நிக்கலை. இதுக்கு நன்றி ஒரு கேடா?"

அவமானம் பிடுங்கித் தின்றது. சொன்ன அளவைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, இந்த முறை மூன்று மடங்கு கனமாகப் பூசினார். அதை நேரிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

லேசர் கூடத்தில் அவர் இன்னார் என்று தெரிந்ததும் பொறியாளர்ப் பெண் எழுந்து நின்றுவிட்டாள். அதுவும் அவருக்குக் கேலியாகத்தான் பட்டது. அவள் கண்ணாடியை வாங்கித் தொலைநோக்கிக்குள் பொருத்தினாள். லேசரைப் போடச் சொல்லிக் குரல் கொடுத்துவிட்டு, தொலைநோக்கியில் கண்ணை வைக்கக் குனிந்தாள்.

அவரால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"மேடம், இதுவரைக்கும் ஓட்டைக் கண்ணாடியா குடுத்து என் மானமே போச்சு. மன்னிச்சிடுங்க. இது சத்தியமா ஓட்டை விழாது. மூணு மடங்கு பூசியிருக்கேன்."

அவள் சூடு பட்டதுபோல் பின்னால் துள்ளினாள். "லேசரைப் போடாதீங்க!" என்று உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"உங்ககிட்ட யாருமே சொல்லலையாண்ணே? லேசர் படுற இடத்தை நான் இது வழியாத்தான் பார்க்கிறேன். சில நேரம் லேசர் தப்பித்தவறி முழு பலத்தோட இதுக்குள்ளயே திரும்பிடும். அப்போ பூச்சு பட்டுனு கருகிடணும். ஒளியை என் கண்ணுக்குத் திருப்பி விடுறதே இந்தப் பூச்சுதான்; அது போயிட்டா ஒளி கண்ணாடி வழியா நேரா அந்தப் பக்கம் போயிடும், என் பக்கம் வராது. மூணு மடங்குன்னா சீக்கிரம் கருகாதே."

மூன்று மடங்கு என்று பெருமையாகச் சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

அவள் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த நாலு ஓட்டையும் என் கண்ணுல விழ வேண்டியதுண்ணே."