தாழ் போடாத கதவு

"மதரைப் பாக்க முடியாது."

வாசல் சிஸ்டர் கேட்டின் சின்ன ஜன்னலை அரையடி மட்டும் திறந்து சொன்னார். கன்னியர் மடத்து விடுதிப் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் 'பூட்டு சிஸ்டர்'. அது காதில் விழுந்தாலும் அவர் கோபித்துக்கொண்டதில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

வெளியே நின்றவளை அவருக்கு நன்றாகவே தெரியும். இருபது வருஷத்துக்கு முன்னால் இதே மடத்தில் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்ட சிஸ்டர். ஒருநாள் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டுப் போய்க் கல்யாணம் கட்டிக்கொண்டவள். இப்போது தையல்காரி.

"நாளைக்கு மதர் மாத்தலாகி இந்த மடத்தை விட்டே போறாங்களாமே. அஞ்சு நிமிஷம் போதும் சிஸ்டர். ஒரு மன்னிப்பு கேக்கணும்."

"போறப்பவே கேட்டுட்டுப் போயிருக்கலாமே."

தையல்காரி கேட்டை ஒட்டியே நின்றாள். நகரவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து மதரே மாடி ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டார். வேறு வழியில்லாமல் பூட்டு சிஸ்டர் அவளை உள்ளே அழைத்துப் போனார். வழியில் சமையல்கட்டின் பின்கதவு.

"இந்தத் தாழ்ப்பாள் ஞாபகம் இருக்கா? இப்ப நான்தான் போடறேன். ஒருநாளும் மறந்ததில்ல."

குத்தல்தான். சனிக்கிழமைதோறும் எல்லோரும் கூடி, முழங்காலிட்டு, அந்த வாரத்துத் தவறுகளை வாய்விட்டுச் சொல்வது மடத்து வழக்கம். ஒரு விடியற்காலையில் பின்கதவு திறந்து கிடந்ததை மதர் பார்த்துவிட, அந்தச் சனிக்கிழமை, அப்போது சமையல் சிஸ்டராக இருந்த இவள் எழுந்து, "தாழ் போட மறந்துட்டேன்" என்றாள். ஒரு வாரம் முழங்காலில் நின்றபடியே சாப்பிட வேண்டும் என்று தண்டனை.

மதரின் அறையில் பாதி அடுக்கிய பெட்டி திறந்திருந்தது. பூட்டு சிஸ்டர் கதவோரம் நிற்க, தையல்காரி முழங்காலிட்டாள்.

"மடத்தை விட்டுப் போனதுக்கா? அதை அன்னிக்கே மன்னிச்சாச்சு. எழுந்திரும்மா."

"அதுக்கில்ல மதர். உங்ககிட்ட ஒரு பொய் சொல்லியிருக்கேன். அன்னிக்கு நான் தாழ் போட மறக்கல. வேணும்னேதான் போடாம விட்டேன். ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல எப்பவோ சொல்லிட்டேன். ஆனா பொய்யைக் கேட்டவங்க நீங்கதானே."

"ஏன் போடாம விட்டே?"

"அடுப்பு மூட்ட வந்தேன். ஒருத்தி பையோட பின்கதவு வழியா வெளிய போறா. மறுநாள் அவ சிஸ்டராகறதுக்கு வார்த்தைப்பாடு குடுக்கணும். பயந்துட்டா போல. மனசு மாறித் திரும்பி வந்தா கதவைத் தட்டணும், எல்லாருக்கும் தெரிஞ்சிடும், அப்புறம் அவளை வெச்சுக்க மாட்டீங்க. அதான்."

"வந்தாளா?"

"வந்துட்டா மதர். காலை செபத்துக்கு மணி அடிக்கறதுக்குள்ள."

"யாரு அது?"

"நான் என் பாவத்தைச் சொல்லத்தான் வந்தேன் மதர்."

மதர் சிரித்துவிட்டார். அவள் நெற்றியில் சிலுவை போட்டார்.

"மன்னிச்சாச்சு. சந்தோஷமா போ. சிஸ்டர், இவளைக் கேட் வரைக்கும் கொண்டுபோய் விடுங்க."

பூட்டு சிஸ்டர் அசையவில்லை. அன்றைக்கு யாரும் கவனிக்காததால்தான் கதவு திறந்திருந்தது என்று இத்தனை வருஷமும் நம்பிக்கொண்டிருந்தவர் அவர். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, தையல்காரிக்குப் பக்கத்திலேயே முழங்காலிட்டார்.

"மதர், பையோட போனது நான்தான்."

மதர் குனிந்து அவர் தோளைத் தொட்டார். பிறகு, "எழுந்திருங்க சிஸ்டர். இதைச் சனிக்கிழமை சொல்லிக்கலாமே" என்றார் மெல்ல.

"ஆயிரம் சனிக்கிழமை முழங்கால் போட்டுட்டேன் மதர். இதை மட்டும் சொன்னதே இல்ல."