இடது பக்க இஸ்திரி

கடைசி மிதவைக்கு இன்னும் இருநூறு அடி இருந்தது. தாடிக்காரரின் படகு எங்களுக்கு முன்னால் மூன்று படகு நீளத்தில் போய்க்கொண்டிருந்தது.

சுக்கான் அத்தை கையில். இறக்கையின் கயிறுகள் என் கையில். அத்தை என்றால் என் மாமியார்.

எங்கள் படகில் துணிப் பாய் கிடையாது. இரண்டு ஒல்லி ஓடங்களைச் சேர்த்துக் கட்டி, நடுவில் ஒரு விமான இறக்கையைச் செங்குத்தாக நட்டதுபோல நாலு ஆள் உயரத்துக்கு நிற்கும். உள்ளே மரச்சட்டம், மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாள். பின்பாதி மட்டும் கதவு மாதிரி கீலில் ஆடும். காற்றைப் பார்த்து அதை வளைப்பது என் வேலை.

ஊரில் இந்த இறக்கை செய்கிற பட்டறை இரண்டே இரண்டு. ஒன்று தாடிக்காரருடையது, மற்றது அத்தையுடையது. இன்று யார் முந்துகிறார்களோ அவர்கள்தான் படகுப் பள்ளிக்கு எட்டு இறக்கை செய்யப்போகிறவர்கள். தோற்றவர்கள் பழைய படகுகளுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இதே பந்தயத்தில் அத்தை ஆறு வருடமாக இரண்டாவது. ஆறு தடவையும் கோட்டை விட்டது இந்தக் கடைசி மிதவைக்குப் பிறகுதான். எனக்கு இது முதல் வருடம்.

காலையிலிருந்து காற்று இடப்பக்கமாகவே வந்துகொண்டிருந்தது. இடப்பக்கக் காற்று என்றால் எங்கள் இறக்கை எருமை மாதிரி அசைந்து கொடுக்காது. ஏன் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான்கு மாதத்துக்கு முன்பு தாள் இழுத்த நாள். சட்டத்தின் மேல் தாளை ஒட்டிவிட்டு, சூடான இஸ்திரிப் பெட்டியால் தடவ வேண்டும். தாள் சுருங்கி விறைக்கும். இரண்டு பேர், இரண்டு பக்கம், பெட்டிக்கு நேர் பெட்டி, கீழிருந்து மேலாக. ஒரு பக்கம் முந்திவிட்டால் சட்டம் அந்தப் பக்கம் முறுக்கிக்கொள்ளும். பிறகு யார் வந்தாலும் அதை நிமிர்த்த முடியாது.

நான் இடப்பக்கம். அத்தை வலப்பக்கம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

“இஸ்திரி போடக்கூடத் தெரியாத பொண்ண என் பையன் எங்கேருந்துதான் பிடிச்சுட்டு வந்தானோ!”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பெட்டியை நிறுத்தாமல் ஒரே மூச்சில் உச்சிவரை இழுத்துவிட்டேன். அத்தை பெட்டியைக் கீழே வைத்து, பிளக்கைப் பிடுங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மிச்சத்தை மறுநாள்தான் முடித்தார். இறக்கையின் உச்சி இரண்டு விரல் இடப்பக்கம் திரும்பியிருந்தது.

அவர் கண்ணில் படவில்லை என்று நினைத்தேன். சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றிலிருந்து அத்தை கிழித்த கோட்டை நான் தாண்டியதில்லை. மாமியாரும் மருமகளும் இவ்வளவு ஒற்றுமையா என்று என் வீட்டுக்காரருக்கு ஒரே பெருமை.

இன்று தோற்றால் காரணம் நான்தான். கரை ஏறியதும் சொல்லிவிடுவது என்று காலையிலேயே முடிவு செய்திருந்தேன்.

மிதவை வந்தது. தாடிக்காரர் சுற்றித் திரும்பினார். பின்னாலேயே நாங்களும் திரும்பினோம்.

கரையோர மலையைச் சுற்றிக்கொண்டு வந்த காற்று, வலப்பக்கத்திலிருந்து பளாரென்று அடித்தது.

அண்ணாந்து பார்த்தேன். இறக்கையில் வரிசையாக ஒட்டியிருந்த கம்பளி நூல்கள் அடியிலிருந்து உச்சிவரை படிய வாரிய தலைமுடி மாதிரி கிடந்தன. நூல் படிந்தால் காற்று படிந்தது என்று அர்த்தம். இப்படி உச்சிவரை படிந்து நான் பார்த்ததே இல்லை.

தாடிக்காரரின் இறக்கையில் மேல் நூல்கள் பேய் பிடித்ததுபோல ஆடின. மலைக்காற்று கீழே ஒரு திசை, மேலே ஒரு திசை. நேரான இறக்கைக்கு உச்சியில் அது பிடிபடவில்லை.

எங்கள் வலது ஓடம் தண்ணீரைவிட்டு எழுந்தது. நான் கயிற்றை ஒரு பிடி இழுத்தேன். அத்தை சுக்கானை மயிரிழைகூட அசைக்கவில்லை. மூன்று படகு நீளம் இரண்டானது, ஒன்றானது. தாடிக்காரர் வாயைத் திறந்தபடி எங்களைப் பார்த்தார், நாங்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம்.

எல்லைக்கோட்டில் ஊதல் ஒலித்தது. எங்களுக்குத்தான் முதலில்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஜெயித்த பிறகாவது மனசில் இருப்பதை இறக்கிவைத்துவிடலாம் என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கோபம், இஸ்திரி, இரண்டு விரல் முறுக்கு, எதையும் விடவில்லை.

அத்தை முகத்தில் தெறித்த தண்ணீரை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

“பின்ன, அன்னைக்கு நான் எதுக்கு பிளக்கைப் பிடுங்கிட்டு நின்னேன்னு நினைச்சே? இந்த மலைக்காத்துக்கு உச்சி அப்படித் திரும்பித்தான் இருக்கணும், ஆறு தடவை தோத்துக் கத்துக்கிட்டேன். முறுக்கிக் குடும்மான்னு கேட்டிருந்தா கை நடுங்கி மேடும் பள்ளமுமா இழுத்திருப்பே. அதான் லேசா சீண்டிவிட்டேன்.”

நான்கு மாதம். சாப்பாடு இறங்காமல், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டு முழுசாக நான்கு மாதம்.

அப்போது மட்டும் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி இருந்திருந்தால், பள்ளிக்கூடத்து எட்டு இறக்கையையும் ஒரே மூச்சில் முறுக்கியிருப்பேன்.