மறைக்காம சொல்லுங்கம்மா

நெஞ்சுவலியோடு ஜெராம் கிளினிக்கின் குறுகிய கட்டிலில் பிரேமலா படுத்திருக்கிறாள். ஜன்னல் வெயில் முகத்தில் விழுகிறது. மார்பில் ஒட்டிய வயர்கள் சில்லென்றிருக்கின்றன. பக்கத்து இயந்திரம் கரகரவென்று தாளைத் தள்ளுகிறது. லோரியில் ஏற்றி வந்த அண்ணன் அழகேசன் கால்மாட்டில் நிற்கிறான். "வேற என்ன மருந்து சாப்பிடுறீங்க? இருதய மருந்தோட சேராமப் போயிடும், மறைக்காம சொல்லுங்கம்மா," என்கிறார் டாக்டர். "இனிப்புநீர் மாத்திரைதான் டாக்டர், ரொம்ப வருஷமா சாப்பிடுதுலா," என்று அண்ணன் முந்திக்கொள்கிறான். சர்க்கரை வியாதி என்று அவனிடம் அவள் சொல்லிவைத்த பொய் அது. எச்ஐவி உள்ளவர்களுக்கு இருதயம் சீக்கிரம் கெடலாம், எண்ணெயைக் குறை என்று அந்த மாத்திரை தரும் ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸி போன மாதம்கூட எச்சரித்தாள். உண்மையைச் சொன்னால் அண்ணி இனி பிள்ளைகளைப் பிரேமலா மடியில் விடுவாளா? வலி இடது தோளுக்கு ஏறுகிறது. "அது இனிப்புநீர் மாத்திரை இல்லண்ணே," என்கிறாள். "எச்ஐவி மருந்து." அழகேசன் கதவுப் பக்கம் ஓரடி நகர்கிறான். பிறகு திரும்பி வந்து, அவள் நெற்றி வியர்வையை வெறுங்கையால் துடைக்கிறான். "தங்கச்சி பொழைச்சுக்குமா டாக்டர்?" டாக்டர் ஆம்புலன்சுக்குப் போன் போடுகிறார்.